ஷூ தைக்கும் ஊரில் ஷூவைக் கழற்றச் சொன்ன எங்கள் அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, குறிப்பாக முன்வரிசையில் நெளிந்துகொண்டிருக்கும் குட்டிப் பிள்ளைகளே, தம்பியின் வணக்கம். இந்தக் கட்டுரையை எழுதும் பொறுப்பை அக்காவின் கணவர், எங்கள் மாமா, என்னிடம் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “மைக்ல கத்துற மாதிரி எழுதாதடா. அடக்கமா எழுது.” ஆம்பூரில் மைக் செட் கடை வைத்திருப்பவன் நான். கல்யாணம், காதுகுத்து, கால்பந்துப் போட்டி எதுவானாலும் மைக்கைப் பிடித்தால் விடமாட்டேன். அதிலும் அக்காவைப் பற்றி அடக்கமாக எழுத என்னால் ஆகாது. மாமா மன்னிக்க வேண்டும்.

அக்கா பிறந்தது ஆற்காட்டில், பாலாற்றை ஒட்டிய ஒரு சிறு தெருவில். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் குடும்பம் ஆம்பூருக்கு வந்தது. இங்கேதான் அக்கா பள்ளிக்கூடம் போனார், இங்கேதான் கால்பந்தைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். முதல் நாள் விளையாட்டு வகுப்பில் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, பிறகு நீளமாக வரிசையில் நிற்க வைத்தார்களாம். அத்தனை பேருக்கும் இருந்தது ஒரே பந்து. அக்காவின் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

“இன்னாடி கத்துக்கின இன்னைக்கு?” என்று அம்மா கேட்டார்.

“வரிசைல நிக்கக் கத்துக்கினேன்” என்றார் அக்கா.

இதை எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை என்பது கூடவே வளர்ந்த எனக்குத் தெரியும். பந்தைத் தொடாமல் வீடு திரும்பிய அந்தச் சிறுமி பிறகு மாவட்டப் பெண்கள் அணியில் ஆடியதும், எதிரணிப் பெண்கள் அவரைக் கண்டாலே ஒதுங்கியதும் உறவினர்கள் அறிந்ததே. அறியாதவர்களிடம் நானே மைக்கில் சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் அப்பா காலமானார். அக்கா மேற்படிப்பை விட்டுவிட்டு ஷூ தொழிற்சாலையில் தையல் பிரிவில் சேர்ந்தார். என் பள்ளிக்கூடச் செலவு, அம்மாவின் மருந்து எல்லாம் அவர் உழைப்பில்தான் நடந்தது. சில வருடங்களில், வேலைக்கு வரும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறைக்கு அவரை மாற்றினார்கள். சக தையல்காரர்கள் அதைத் தண்டனை என்று நினைத்துப் பரிதாபப்பட்டார்கள். அக்காவோ லாட்டரி விழுந்த மாதிரி வீட்டுக்கு வந்தார்.

அங்கேதான் அவர் குழந்தைகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். எந்த வயதில் எதைக் கையில் கொடுத்தால் எவ்வளவு நேரம் விளையாடும், எதற்கு அழும், எதற்குக் கெக்கலி கொட்டும் என்றெல்லாம் ராத்திரி சோற்றுத் தட்டில் கையை வைத்துக்கொண்டே எங்களுக்குச் சொல்வார். மாமாதான் ஒருநாள், “இவ்ளோ பேசுறியே, போய்ப் படிச்சிட்டு வா” என்று சொல்லி, சின்னப் பிள்ளைகளுக்கான கால்பந்துப் பயிற்சியாளர் வகுப்பில் சேரச் சென்னைக்கு ரயில் ஏற்றிவிட்டார். திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையே பாலாற்றங்கரை மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோட்டில்தான் எல்லாம் தொடங்கும். வரும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி, குதிகால் கோட்டில் படும்படி வரிசையாக வைக்க வேண்டும். செருப்புதான் வரிசையில் நிற்கும், பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு பந்து, கைக்கு அடக்கமான சின்னப் பந்து. சுற்றி ஓடுவது கிடையாது, உபதேசம் கிடையாது. வந்ததும் விளையாட்டுதான்!

அதில் ராஜா விளையாட்டு ‘சிங்கம் தூங்குது’. நடுவில் ஒரு சிங்கம் குறட்டை விட்டுத் தூங்கும். பிள்ளைகள் பந்தைக் காலால் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் பக்கத்தில் வரவேண்டும். சிங்கம் கர்ஜித்து எழுந்தால் பந்தோடு ஓடித் தப்பிக்க வேண்டும். சிங்கம் யார் என்று கேட்கிறீர்களா? என் தொப்பையைப் பார்த்துமா கேட்கிறீர்கள்? பந்து காலை விட்டுப் போகாமல் உருட்டுவதும், திடீரென்று திரும்பி ஓடுவதும் அந்தப் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. தாங்கள் எதையோ கற்றுக்கொள்கிறோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

பெற்றோருக்கு இது புரியவில்லை. வெளிக்கோட்டில் நின்று, “பாஸ் பண்ணுடா! பாஸ் பண்ணு!” என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். வரும் அப்பா அம்மா எல்லார் கையிலும் ஒரு ஜவ்வு மிட்டாய். வாயில் போட்டால் பல்லோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எங்கே கத்துவது? மைதானம் அமைதியாகிவிட்டது.

அமைதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் மாஸ்டராக இருக்கும் ரஹீம் பாய், தன் மகள் ஆயிஷாவை அனுப்பிக்கொண்டிருந்தவர், மிட்டாயை மென்று முடித்துவிட்டு ஒருநாள் நேராகவே கேட்டார். ஆயிஷாவுக்கு அப்போது ஐந்து வயது.

“இன்னாம்மா இது, பேஜாராப் போச்சு. எப்பப் பாத்தாலும் சிங்கம், புலி. சிரிப்பு ஜாஸ்தி, பயிற்சி கம்மி. பக்கத்துல இருக்கிறவனுக்குப் பந்தக் குடுக்கக்கூட எங்க புள்ளைக்குத் தெரியல.”

“பாய், அஞ்சு வயசுப் புள்ள கைல பொம்மையக் குடுத்து, உடனே அடுத்தவனுக்குக் குடுன்னா குடுக்குமா?”

“குடுக்காது.”

“பந்தும் பொம்மைதான் பாய். இப்ப அத வெச்சி ஆசை தீர ஆடட்டும். ஏழு எட்டு வயசுல கூட்டாளி வேணும்னு அதுவே தேடும். அப்பப் பாருங்க, நீங்க கத்தாமலே குடுப்பா.”

பாய் தலையை ஆட்டினாரே தவிர சமாதானமாகவில்லை. மற்ற பெற்றோரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். வேலூர் பக்கம் பாகாயத்திலிருந்து ஒரு சின்னப் பிள்ளைகள் அணியைக் கூப்பிட்டு ஆடிப் பார்ப்போம், நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூத்தை நிறுத்திவிட்டு ட்யூஷனுக்கு அனுப்புவோம் என்று முடிவாயிற்று. அக்கா சரி என்றார். அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. எதற்கும் கலங்காதவர், கலங்கி உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். பிள்ளைகள் நின்றுவிட்டால் அவருக்கு வேறு என்ன இருந்தது? எங்கள் அக்காவுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. அந்தக் கோட்டில் இருந்த செருப்புகள்தான் பிள்ளைகள்.

போட்டி நாள். மைக் என் கையில்! ஊரே திரண்டு வந்திருந்தது. பாகாயத்துப் பிள்ளைகள் பளபளக்கும் பூட்ஸோடு வேனிலிருந்து இறங்கினார்கள். நம் பிள்ளைகள் வெறுங்காலோடு வருவார்கள் என்று நினைத்தால், அடேயப்பா! ஒவ்வொருவர் காலிலும் அசல் தோலில், அடியில் குமிழ் வைத்த புத்தம்புது பூட்ஸ்! ரஹீம் பாயும் மற்ற அப்பாக்களும் அக்காவுக்குத் தெரியாமல், வேலை முடிந்த நேரத்தில் மிச்சத் தோலில் வெட்டித் தைத்திருந்தார்கள். “உலகத்துக்கே ஷூ அனுப்புற ஊரு நம்மூரு. நம்ம புள்ளைங்க வெறுங்காலோட நின்னா அசிங்கம் இல்லியா?” என்றார் பாய். அந்த முகங்களில் இருந்த பெருமையைப் பார்த்த அக்கா, ஷூவோடே பிள்ளைகளை ஆட அனுப்பினார்.

ஆட்டம் தொடங்கியது. ஆயிஷா பந்தை நோக்கி ஓடினாள். “இதோ வருகிறாள் ஆம்பூர்ப் புயல்! காலைத் தூக்குகிறாள், உதைக்கிறாள், கோல்...!” என்று நான் அலறிவிட்டேன். உள்ளே போனது பந்து இல்லை, ஷூ. பந்து நின்ற இடத்திலேயே நின்றது. அவளுக்குப் பின்னால் ஓடிவந்தவன் தன் ஷூவிலேயே தடுக்கி விழுந்தான், இன்னொருத்தி கால் வலிக்கிறது என்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

விஷயம் என்னவென்றால், வெளிநாட்டுக்காரன் காலுக்கு இம்மி பிசகாமல் வெட்டுகிற இந்தக் கைகாரர்கள், சொந்தப் பிள்ளைக்குத் தைக்கும்போது எல்லா அப்பாக்களையும் போலவே யோசித்திருக்கிறார்கள். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷமும் போடட்டும் என்று, ஆளாளுக்கு ஒரு சைஸ் பெரிதாகத் தைத்து, முன்னால் துணியை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள்! தோலும் தடிமன், குமிழும் பெரியவர்களுக்கு வைப்பது.

அக்கா விசிலை ஊதினார். ஆட்டம் நின்றது. மைதானத்தின் நடுவே போய் நின்று, நான் மைக்கில் கத்துவதை விடப் பலமாகக் கத்தினார்:

“எல்லாரும் ஷூவக் கழட்டுங்கடா! கோட்டுல வைங்க! வாங்க, சிங்கம் தூங்குது!”

நான் மைக்கைப் போட்டுவிட்டு நடுவில் ஓடி விழுந்து குறட்டை விட்டேன். பாகாயத்துப் பிள்ளைகள் தங்கள் பயிற்சியாளரைப் பார்த்தார்கள். அவர் சிரித்துத் தலையசைத்ததும் அவர்களும் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வந்துவிட்டார்கள். ஒரே மண், ஒரே கூச்சல். கர்ஜித்து எழுந்தால் நாலா பக்கமும் பந்தோடு சிதறுகிறார்கள். பிறகு அக்கா பிள்ளைகளைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து, குட்டி கோல் கம்பங்கள் நட்டு, காவலுக்கு ஆள் இல்லாமல் ஆடவிட்டார். நம் பிள்ளைகள் ஆடினார்களே, அப்பப்பா! பந்து காலில் ஒட்டிக்கொண்ட மாதிரி, சிங்கத்திடம் தப்பிப்பது போலவே வளைந்து வளைந்து ஓடினார்கள். ஆயிஷா நிற்கவே இல்லை. மைக்கை மறுபடி எடுத்துக் கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கோல் கணக்கை மட்டும் அறிவிக்கக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

முடிந்ததும் ரஹீம் பாய் ஓடிவந்தார். “யார் ஜெயிச்சது? அதச் சொல்லும்மா!”

அதற்குள் ஆயிஷா அக்காவின் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, இன்னொரு வாட்டி?” பாகாயத்துப் பிள்ளை ஒன்றும் இழுத்தது. “இன்னொரு வாட்டி, ஆன்ட்டி!”

“கேட்டீங்களா பாய்?” என்றார் அக்கா. “அதான் ஸ்கோரு.”

பாய் மகளின் சிவந்துபோன குதிகாலைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். அடுத்த வாரம் மைதானத்துக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையின் காலையும் காகிதத்தில் வரைந்து, மெத்தென்ற தோலில் காலுக்குச் சரியாக ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். வளர வளர மாற்றித் தருவது தன் பொறுப்பு என்றார். தெருவில் போட்டு நடக்க அந்த ஷூ, மைதானத்தில் வெறுங்கால் என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நிறுத்துகிற பேச்சே எழவில்லை. ஏழு வயது தாண்டியதும் ஆயிஷா ஒருநாள் கோலுக்கு எதிரில் நின்றிருந்த சிநேகிதிக்குத் தானாகவே பந்தைத் தள்ளினாள். அக்கா வெளிக்கோட்டிலிருந்த பாயைப் பார்த்து, ‘பாத்தீங்களா?’ என்பதுபோல் கையை நீட்டிக் காட்டினார். பாய் வாய் நிறைய ஜவ்வு மிட்டாயோடு குதித்தார்.

பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன நோய் வந்தது. வேலூரில் மருத்துவமனையில் இருந்த மாதங்களிலும் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட விடச் சம்மதிக்கவில்லை. நான் மைதானத்தை முடித்துக்கொண்டு நேராக அவர் கட்டிலுக்குப் போகவேண்டும்.

“குறட்டை சரியா வுட்டியா?”

“வுட்டேன்கா.”

“அழுதியா?”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத. சிங்கம் அழுதா புள்ளைங்க பயந்துடும்டா.”

ஒரு சனிக்கிழமை மாலை அக்கா இறைவனடி சேர்ந்தார். மறுநாள் ஞாயிறு. காலையில் தெருவெங்கும் பெரியவர்களின் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில், கால்வாய் ஓரச் சிமெண்டுக் கோட்டில் குதிகால் படும்படி, ரஹீம் பாய் தைத்த குட்டி ஷூக்கள் ஒரே வரிசையாக நின்றன. யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே வைத்திருந்தார்கள். உள்ளே நுனிக்காலில் வந்தார்கள். கடைசியாக வந்த குட்டிப்பயல் உதட்டில் விரலை வைத்து, அழுதுகொண்டிருந்த எங்களைப் பார்த்து, “ஷ்ஷ்... சிங்கம் தூங்குது” என்றான்.

துக்க வீடு, ஒரு வருடத்துக்கு விளையாட்டு எதுவும் வேண்டாம் என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். தவறில்லை, வழக்கம் அது. எனக்கும் அக்கா இல்லாத மைதானத்தை நினைத்தாலே கால் நகரவில்லை. ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு காலை மாமா என்னை எழுப்பினார். அவர் கையில் சுண்ணாம்பு டப்பா இருந்தது.

போனோம். மாமா கோடு போட்டார், கோட்டைக் கண்டதும் பிள்ளைகள் ஓடிவந்து செருப்பைக் கழற்றினார்கள். நான் நடுவில் படுத்துக் கண்ணை மூடினேன். பந்துகள் உருண்டு நெருங்கும் சத்தம் கேட்டது. கர்ஜிக்க வேண்டிய நேரம் வந்தது. ஊரையே அதிரவைக்கும் மைக் செட்டுக்காரன் நான், எனக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்போல இருந்தது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். யாரோ என் பக்கத்தில் வந்து படுத்தது தெரிந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் ஆயிஷா. என் காதருகே, அப்படி ஒரு கர்ஜனை! மைதானமே சிரித்துக்கொண்டு ஓடியது. அவள் துரத்திக்கொண்டு ஓடினாள். நானும் எழுந்து ஓடினேன்.

அன்று தொடங்கி இன்றுவரை ஒரு ஞாயிறும் நிற்கவில்லை. நோயில் அக்காவைத் தாங்கிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவு பகல் பாராமல் ரத்தம் கொடுத்த தையல் பிரிவுத் தோழிகளுக்கும், பாகாயத்திலிருந்து இன்றும் வேனில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கும், ஷூ மாற்றித் தந்துகொண்டே இருக்கும் ரஹீம் பாய்க்கும், ஆறுதலாய்த் துணை நின்ற உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் யாரும் உடனே பஸ் ஏறிவிடக் கூடாது. மாலையில் மைதானத்துக்கு வாருங்கள். வாசலில் ஜவ்வு மிட்டாய் தருவோம். செருப்பைக் கோட்டில் கழற்றி வையுங்கள். இன்று யார் சிங்கம் என்று பிள்ளைகளைக் கேட்டேன். மாமாதான் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அவரும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குறட்டை பழகிக்கொண்டிருக்கிறார்.