மூடினால் ஊமையாகும் கித்தார்

ஸ்வர்ணலதா பன்னிரண்டு வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். அத்தனை வருடத்தில், மூடிய பெட்டி ஒன்றைக்கூட அவள் சோதித்துப் பார்த்ததில்லை. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். 2001 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மட்டாஞ்சேரியில் அவள் வீட்டு மேசைமேல் அது பெரிய விஷயமாகிவிட்டது.

மேசையில் ஒரு எலெக்ட்ரிக் கித்தார் மல்லாந்து கிடந்தது. அதன் சொந்தக்காரன் அழகர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தான். இரண்டு தெரு தள்ளி இருப்பவன், முப்பத்திரண்டு வயது. பகலில் பெயின்ட் கடையில் வேலை; சாயங்காலங்களில், எல்லாரும் மாஷ் என்று கூப்பிடும் தங்கப்பன் வாத்தியாரின் கானமேளை ட்ரூப்பில் கித்தார். கோவில் உற்சவம், சர்ச் பெருநாள், கிளப் ஆண்டுவிழா என்று எந்த மேடை கூப்பிட்டாலும் போய், சினிமாப் பாட்டுகளை மூன்று மணி நேரம் பொழிந்துவிட்டு வரும் ட்ரூப் அது.

கித்தாருக்கு ஒரு வியாதி இருந்தது. ஒயரைச் செருகியதும் ‘உம்ம்ம்’ என்று இரையும். மேடையில் சீரியல் விளக்குகளைப் போட்டுவிட்டால் இரைச்சல் இரட்டிப்பாகும். போன மாதம் களமசேரியில், பாடகி மெல்ல ஒரு பல்லவியை எடுத்த நேரம் பார்த்து அது பாட்டைவிட உரக்க இரைந்தது. மாஷ் மைக்கிலேயே சொன்னார்: “அழகரே, உன் பெட்டிக்குள்ள குளவி கூடு கட்டியிருக்குடா. தீ வெச்சுக் கொளுத்து!”

கூட்டம் சிரித்தது. மேடையை விட்டு இறங்கியபின் மாஷ் சிரிக்கவில்லை. “அடுத்த ப்ரோக்ராம் போர்ட் கொச்சியில. அன்னிக்கும் இரைஞ்சா நீ வீட்டுல இரி. கீபோர்டுல ஒரு பட்டனை அமுக்கினா கித்தார் சத்தம் வரும்.”

அந்த ப்ரோக்ராம் இன்றைக்குத்தான். ஐந்து மணிக்கு மேடையில் இருக்கவேண்டும்.

ஸ்வர்ணலதாவின் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கார்ப்பரேஷன் வேலைக்காகக் கொச்சிக்கு வந்தவர். அவள் பிறந்தது, மலையாளத்தில் பத்தாவது வரை படித்தது எல்லாம் மட்டாஞ்சேரியில். பத்தொன்பது வயதில் களமசேரியில் ரேடியோ செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். காலையில் எறணாகுளத்துக்குப் படகு, அங்கிருந்து பஸ். நாளெல்லாம் சால்டரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டு பலகை பலகையாகப் பற்றவைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் திறந்த நிலையிலேயே சோதித்து, சத்தம் வந்தால் பச்சை மை வைத்துத் தள்ளிவிடுவாள். அதைப் பெட்டியில் போட்டு மூடுவதும், மூடியபின் மறுபடி சோதிப்பதும் பக்கத்து ஷெட்டின் வேலை. அங்கே என்ன நடக்கிறது என்று இந்த ஷெட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்ததில்லை.

1999-ல் கம்பெனி மூடிவிட்டது. அயர்ன் அவள் கூடவே வீட்டுக்கு வந்தது. மிக்சி, எமர்ஜென்சி லைட், டேப் ரெக்கார்டர் என்று எது வந்தாலும் திறந்து வைத்துச் சோதிப்பாள், மூடுவாள், கொடுத்துவிடுவாள். இரண்டு வருடத்தில் ஒரு மிக்சியும் அவளைக் கைவிடவில்லை.

அழகர் கித்தாரைக் கொண்டுவந்த அன்று அவள் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தாள். “இவ்வளவுதானா? ஒரு ரேடியோல பாதி கூட இல்லியேடா!”

“அப்ப செரியாவுமாக்கா?”

“செரியாக்கித் தாரேன். உன் குளவிக்கு நான் பொறுப்பு.”

வார்த்தை கொடுத்தாயிற்று. நான்கு நாள் உழைத்தாள். கித்தாரின் மார்பில் பதிந்திருக்கும் தகட்டுக்கு பிக்கார்ட் என்று பெயர். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள், எந்த பிக்கப் பேசவேண்டும் என்று தீர்மானிக்கும் சுவிட்ச், எல்லாம் அதில்தான் தொங்கும். பழைய தகடு வெயிலில் மேலே புடைத்து, இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. அழகரை நம்பர் பிளேட் கடையில் கறுப்பு அக்ரிலிக் வாங்கிவரச் சொல்லி, பழையதை மேலே வைத்துக் கோடு போட்டு, ஹாக்ஸா பிளேடால் அறுத்து, அரம் போட்டு விளிம்பை மழுக்கினாள். உள்ளே களிம்பேறிய ஒயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தாள். தந்திகளுக்கு எர்த் ஒயரே இல்லை என்பதைக் கண்டுபிடித்து அதையும் கொடுத்தாள்.

கடைசியாக அலுமினியத் தாள். வெளி இரைச்சல் உள்ளே நுழையாமலிருக்க, ரேடியோவில் சில பாகங்களைத் தகரக் கூட்டுக்குள் அடைப்பார்கள். இங்கே தகரத்துக்கு இடமில்லை. வீட்டில் அரிசி போட்டு வைத்திருந்த பழைய தேயிலைப் பெட்டியின் உட்பக்கம் அவள் கண்ணில் பட்டது. வழவழவென்ற அலுமினியத் தாள். அதை நனைத்து உரித்து, கித்தாரின் குழி முழுக்க ஒட்டி, அதற்கும் எர்த் கொடுத்தாள். குழிக்குள் மூக்கை வைத்தால் லேசாகத் தேயிலை மணம் வந்தது.

சனிக்கிழமை ஒரு மணிக்குத் தகட்டைத் திறந்து வைத்தே சோதித்தாள். சின்ன ஆம்ப்ளிஃபயரில் மணிமணியாகச் சத்தம். இரைச்சல் கொஞ்சம்தான். “மூடினா இந்தக் கொஞ்சமும் போயிடும்” என்றாள். பதினொரு திருகாணிகளையும் முடுக்கிக் கொடுத்தாள். அழகர் ஆசையாக ஒரு தட்டுத் தட்டினான்.

ஒன்றுமில்லை. இரைச்சலும் இல்லை, பாட்டும் இல்லை.

திறந்தாள். பாடியது. மூடினாள். ஊமை. மறுபடி திறந்தாள். பாடியது. மூடினாள்.

“அக்கா, குளவியோட சேத்து கித்தாரையும் கொன்னுட்டீங்களே!”

“நீ கொறச்சு நேரம் வாய மூடிட்டு இரி.”

“நான் மூடுவேன், மாஷ் மூடமாட்டாரே.”

அவள் தகட்டைத் திறந்தாள். ஒவ்வொரு இணைப்பாக இழுத்துப் பார்த்தாள். எல்லாம் கெட்டியாக இருந்தன. நான்காவது தடவையும் மூடினாள். ஊமைதான். மணி மூன்று. அப்போதுதான் அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி டியூட்டி முடிந்து வந்தார். கார்ப்பரேஷனில் தெருவிளக்குப் பிரிவு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்குள் மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது.

“நீங்க கால வெச்ச நேரம்!” என்றாள் ஸ்வர்ணலதா.

“தெருவிளக்கு அணைஞ்சா என்னைக் கேளு. வீட்டு விளக்குக்கு நான் ஜவாப்தாரி இல்ல.” அழகரின் முகத்தைப் பார்த்தார். “எந்தாடா, யாரு செத்துட்டா?”

“கித்தாரு சேட்டா.”

கரண்ட் இல்லாமல் சோதிக்க வழியில்லை. சும்மா இருக்கவும் கை விடவில்லை. அவள் தகட்டைக் கழற்றி, சங்கிலிப்பாண்டியின் டார்ச்சை வாங்கிக் குழிக்குள் அடித்தாள். மேலிருந்து விழும் டியூப் லைட் வெளிச்சத்தில் எங்கும் ஒரே பளபளப்பாகத் தெரிந்த தாள், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது வேறுமாதிரி தெரிந்தது. குழியின் அடியில், நகம் கீறியதுபோல ஒரு கோடு. பக்கத்திலேயே இன்னொன்று. அவள் நான்கு தடவை மூடியிருந்தாள். கோடுகளை எண்ணினாள். நான்கு.

தகட்டைத் திருப்பினாள். சுவிட்சின் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கித்தாரின் சத்தம் முழுவதும் வெளியேறும் கால் அது. புடைத்திருந்த பழைய தகட்டில் அது உயரத்தில் நின்றது. தட்டையான புதுத் தகட்டில் கீழே இறங்கி, எர்த் கொடுத்திருந்த அலுமினியத் தாளை முட்டுகிறது. சத்தம் ஆம்ப்ளிஃபயருக்குப் போகாமல் நேராக எர்த்துக்குள் இறங்கிவிடுகிறது. பக்கத்து ஷெட்டில் எத்தனை ரேடியோ இப்படி ஊமையாகியிருக்கும்! யாரோ ஒருத்தி பச்சை மையைப் பார்த்துத் திட்டிக்கொண்டே திறந்திருப்பாள்.

“இங்க பாரு!” என்று கத்திவிட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “ஒண்ணும் சாகல. தொட்டுக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். நடுவுல ஏதாவது வெக்கணும். டேப் பத்தாது, அந்தக் கால் குத்திக் கிழிச்சிரும்.”

கண்கள் அலமாரியின் மேல் போயின. பழுப்புக் கவரில் ஒரு எக்ஸ்ரே. மூன்று வருடத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து சங்கிலிப்பாண்டி கால் ஒடிந்தபோது எடுத்தது.

“லதா, அது என் காலு!”

“உங்க காலுதான் உங்ககிட்டயே இருக்கே. இது படந்தானே.”

கத்தரிக்கோல் முழங்காலுக்குக் கீழே ஓடியது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. குழியின் அடியில் ஒட்டினாள். மூடினாள். பதினொரு திருகாணிகள். பிறகு மூவரும் மின்விசிறியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாயாகூடக் கேட்கவில்லை.

நான்கு பத்துக்கு விசிறி அசைந்தது. அழகர் தந்தியைத் தட்டினான். வீடு அதிர்ந்தது. கையெடுத்தான். சத்தம் ஓய்ந்த இடத்தில் எதுவுமே இல்லை. வெளியே ஆட்டோ போவது கேட்டது. ஸ்வர்ணலதா ஸ்குரூ டிரைவரை மேசைமேல் வைத்தாள். அழகர் அவள் கையைப் பிடித்தான், விட்டான், கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான்.

ஏழு மணிக்கு போர்ட் கொச்சி மைதானத்தில் அவளும் சங்கிலிப்பாண்டியும் பின்வரிசையில் நின்றார்கள். சீரியல் விளக்குகள் எரிந்தன. தங்கப்பன் மாஷ் மைக்கைத் தட்டி வணக்கம் சொன்னார், கீபோர்டைப் பார்த்தார், தபேலாவைப் பார்த்தார், பிறகு அழகரிடம் குனிந்தார். மைக் அதையும் பிடித்துக்கொண்டது.

“எந்தாடா, ஒயரு செருகலியா? சத்தமே காணோமே.”

அழகர் ஒரு தட்டுத் தட்டினான். மாஷ் அரை அடி பின்னால் போனார். கூட்டம் விசிலடித்தது. மாஷ் கீபோர்ட்காரனைப் பார்த்து, அந்தப் பட்டன் இன்றைக்கு வேண்டாம் என்பதுபோல் விரலை ஆட்டிவிட்டு, “ஒன், டூ, த்ரீ” என்றார்.

“என் கால் மேடையேறிடுச்சு” என்றார் சங்கிலிப்பாண்டி. “வா, ஒரு சாயா குடிப்போம்.”

“முதல் பாட்டு முடியட்டும்” என்றாள் ஸ்வர்ணலதா. “மூடினதுக்கு அப்புறமும் பாடுதான்னு இங்க நின்னு பார்த்துட்டு வாரேன்.”