பொன்னுத்துரைக்குப் போன கத்தரிக்காய்

குடிக்கிற கடைக் குசினியில் நிற்பவனுக்கு முகம் பார்த்துச் சமைக்கிற உரிமை கிடையாது. அந்த வேலையில் கிடந்து மாய்ந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்கள் முதலாளி மனுவேல் ஸ்பெயினின் தெற்குப் பக்கத்து ஆள். அவருடைய ஊரில் ஒரு கிளாஸ் வாங்கினால் சின்னத் தட்டில் கொறிக்கிறதுக்குப் பைற்ஸ் காசில்லாமல் சும்மா வரும். என்ன வேண்டுமென்று நாங்கள் கேட்க ஏலாது, குசினிதான் தீர்மானிக்கும். அடுத்த கிளாசுக்கு வேறு தட்டு, முந்தியதைவிட நல்லது. ரொறன்ரோவில் இந்தக் கடையிலும் அவருக்கு அதே முறைதான். பிடிக்காத ஆளுக்கும் அனுப்பவேண்டும். கோபத்தை இலேசில் விடாத எனக்கு அதுதான் கஷ்டம்.

சும்மா வந்த தட்டு

பக்கத்து ஊர் அஜக்சிலிருந்து எங்கள் தமிழ் ஆட்கள் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு வைன் கேட்டார்கள். முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டுப் பொரித்ததைக் கொண்டுபோய் வைத்தேன். ஒருவர் தட்டை விரலால் தள்ளி, கேட்கவில்லையே என்றார். சும்மா என்றேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அண்ணை, உது சும்மாவெண்டா, அப்ப வைனுக்கைதான் தண்ணி விட்டிருக்கிறியள்."

நிலத்தில் மரியாதை

மனுவேலின் ஊரில் நின்றபடி குடிப்பார்கள். வாய் துடைத்த கடதாசியையும் ஒலிவ் கொட்டையையும் காலடியில் போடுவார்கள். நிலம் குப்பையாக இருந்தால் கடை நல்ல கடையாம். ஒரு சனிக்கிழமை அவருடைய ஊர்க்காரர் திரண்டு வந்து போட்ட குப்பையைப் பார்த்து மனுசன் சந்தோசத்தில் கண் கலங்கி நின்றார். துப்புரவு வேலை செய்கிற செல்வி தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு என்னைக் கேட்டாள்: "அண்ணை, மரியாதை முழங்கால் மட்டும் வந்திட்டுது, கூட்டட்டோ?"

இரண்டு தரம் ஒலிவ்

ஒரு நாள் பொன்னுத்துரை வந்தார். முன்பு ஸ்காபரோவில் ஒரே கட்டிடத்தில் இருந்தோம். மகளின் கலியாணத்துக்கு எங்கள் மாடியில் எல்லா வீட்டுக்கும் அழைப்புக் காட் கொடுத்தவர், என் கதவை மட்டும் தாண்டிப் போனார். அன்று விட்டதுதான் கதை பேச்சு. முதல் கிளாசுக்கு ஒலிவ் அனுப்பினேன். இரண்டாவதுக்கும் ஒலிவ்.

மனுவேல் குசினிக்குள் தலையை நீட்டினார். ஒரே தட்டு இரண்டு தரம் போனால் தங்கள் ஊரில் வெளியே போ என்று அர்த்தம் என்றார். அதைத்தான் சொல்கிறேன் என்றேன். அப்படியென்றால் நீயே போய்ச் சொல்லு, என் தட்டு சொல்லாது என்றுவிட்டு மூன்றாவது கிளாசை ஊற்றப் போய்விட்டார்.

கத்தரிக்காயை மெல்லிசாக வெட்டி, மாவில் பிரட்டிப் பொரித்து, மேலே கரும்புப் பாணி விட்டேன். எவ்வளவு கோபத்திலும் அதைக் கருக விட மனம் வரவில்லை. நானே கொண்டுபோய் வைத்தேன். பொன்னுத்துரை நிமிர்ந்து பார்த்தார், சாப்பிட்டார், தட்டில் மிஞ்சின பாணியையும் பாண் துண்டொன்றால் துடைத்துத் தின்றார். பிறகு கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். "கத்தரிக்காய் திறம். ஆனா ரெண்டு தரம் ஒலிவ் அனுப்பினதை நான் மறக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

இந்தத் தொழிலில் ஆரோடும் கோபமாக இருக்கலாம், ஆனால் ஆரையும் வெறும் வயிற்றோடு கோபிக்க விடமாட்டார்கள்.