பனங்களி பட்ட விரல்

அண்ணைக்குச் சீனி வருத்தம் வந்ததிலிருந்து, அச்சுவேலியில் அவர் வீட்டுக்குப் போய் விரலில் குத்திச் சீனி பார்ப்பதும் இன்சுலின் போடுவதும் என் பொறுப்பு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் சீனி பார்க்கும் மிஷினோடு வந்த தாளை வரி விடாமல் படித்தவன் என்று எனக்கொரு பெருமை.

அன்று பின்னேரம் அண்ணை முற்றத்தில் வெயிலில் காயவைக்கும் பனாட்டுக்குப் பனம்பழம் பிசைந்துகொண்டிருந்தார். முழங்கை வரை மஞ்சள் களி.

"அண்ணை, விரலைத் தாங்கோ."

"நுளம்பெண்டாலும் இரத்தத்தைக் குடிச்சிட்டுப் பேசாமல் போகுமடா. நீ குடிச்சிட்டுப் புத்தியும் சொல்லுவாய்." இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார்.

மிஷின் நானூற்றுக்கு மேல் காட்டியது. களி வடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, என் மச்சாள், எட்டிப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, களியை நக்கினீங்களோ?"

"ஒரு விரலும் வாயிலை வைக்கேல்லையப்பா. எனக்கு உடம்புக்கு ஒண்டும் செய்யேல்லை. உவன்ரை மிஷினுக்குத்தான் விசர்."

நான் மிஷினை நம்பினேன். டொக்டர் எழுதித் தந்த துண்டைப் பார்த்து, அந்த எண்ணுக்கு உரிய அளவு இன்சுலினைக் கூட்டிப் போட்டேன். களைப்பென்று போய்ப் படுத்தவர், மச்சாள் தட்டியும் எழும்பவில்லை. உடம்பெல்லாம் வேர்வை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தத்தில் சீனியே இல்லாத மாதிரி. நேர்ஸ் அவருடைய மஞ்சள் நகங்களைப் பார்த்தார்.

"குத்த முன்னம் கை கழுவினவரோ?"

"துடைச்சவர்."

அவர் ஈரப் பஞ்சை எடுத்து அண்ணையின் விரல்களைத் துடைத்தார்.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு நொதியம் பூசியிருக்கிறது. அது சீனியிலிருந்து இலத்திரன்களைப் பறிக்கும்; இடையில் நிற்கும் ஒரு இரசாயனம் அவற்றை வாங்கி உலோகத் தகட்டில் சேர்க்கும். அந்தச் சிறு மின்னோட்டத்தைத்தான் மிஷின் எண்ணாகக் காட்டுகிறது. சீனி இரத்தத்தில் இருந்ததா, தோலில் ஒட்டியிருந்ததா என்று நொதியத்துக்குத் தெரியாது. தாளில் 'கையைக் கழுவவும்' என்று இருந்தது. சுத்தத்துக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அண்ணை பிழைத்தார். ஆனால் சீனி கிடைக்காமல் மூளை பழுதானதில் ஆட்களைத் தெரியவில்லை, பேச்சும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மச்சாளிடம் சொன்னேன்.

"கழுவச் சொல்லாதது என்ரை பிழை, மச்சாள்."

அவர் அண்ணைக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நானும் தண்ணி வாளியோடைதானே பக்கத்திலை இருந்தனான், தம்பி."

வழிந்த கஞ்சியைத் துடைத்தார்.

"ஊசிப் பெட்டியை உதிலை வைச்சிட்டுப் போங்கோ. இனி நான் போடுறன்."

வைத்துவிட்டு வந்தேன்.