முட்டை வைக்க மறுத்த வண்ணத்துப்பூச்சி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஒரு வகுப்பறைக்குள் காலெடுத்து வைத்தது, ஆட்டோ ஓட்ட ஆரம்பித்துப் பல வருடங்கள் கழித்து, மழையாக நடிப்பதற்கு.

பெங்களூர் தொம்மலூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போய் இறக்குவது என் நிரந்தர சவாரி. மதியம் மணி அடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே கேட்டருகே போய் நின்றுவிடுவேன். சிக்னலில் மாட்டிக்கொண்டால், பிள்ளைகள் என்னைக் காணோம் என்று ரோட்டுக்கு வந்துவிட்டால், அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி திரும்பினால் என்று என் தலைக்குள் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அப்படி நான் சும்மா நிற்பதை ஒருநாள் ஒன்றாம் வகுப்பு மிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"அண்ணா, இவத்து ஆயா லீவு. ஸ்வல்ப உள்ள வாங்க. எனக்கு ஒரு மழை வேணும்."

மிஸ் கன்னடக்காரர். எங்களிடம் பேசும்போது தமிழைப் போட்டு, இன்றைக்கு என்பதற்கு இவத்து, கொஞ்சம் என்பதற்கு ஸ்வல்ப என்று இடையில் கன்னடத்தைச் செருகுவார். மழை என்றால் என்னவென்று புரியாமலே உள்ளே போனேன். கையில் செடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே பாட்டிலைக் கொடுத்தார்.

பெஞ்சுகளையெல்லாம் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். ஒரு பக்கச் சுவரில் பச்சை சார்ட் ஒட்டி மேற்கு மலை. எதிர்ச் சுவரில் இன்னொரு சார்ட், கிழக்கு மலை. பிள்ளைகளின் தோளிலும் மணிக்கட்டிலும் பழைய துப்பட்டாக்களைப் பின் குத்தி றெக்கையாக்கியிருந்தார்கள். பின் குத்திவிடப்போகிறதே என்றுதான் எனக்கு முதலில் பட்டது. சேஃப்டி பின்தான் அண்ணா என்றார் மிஸ், நான் கேட்காமலே.

மழை வருவதற்கு முன்னால் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக மேற்கு மலையிலிருந்து கிழக்கே போகுமாம். வழியில் நம் பெங்களூரையும் தாண்டித்தான் போகுமாம். கன்னடத்தில் அதற்கு 'வலசெ' என்றார். பறவைகளுக்கு நாம் வலசை என்று சொல்கிற அதே சொல். பூச்சிகளும் போகும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

விளையாட்டு இதுதான். பிள்ளைகள் மேற்கிலிருந்து கிளம்பி, தரையில் வைத்த காகிதப் பூக்களில் நின்று தேன் குடித்து, பெட்ஷீட்டை ஆட்டுகிற இரண்டு பேரின் காற்றைத் தாண்டி, என் மழையில் நனையாமல் கிழக்கு மலைக்குப் போய்ச் சேர வேண்டும். நனைந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். சேர்ந்தவர்கள் ஒரு அவரைக் கொட்டையைக் காகித இலைக்கடியில் வைக்க வேண்டும். அது முட்டை. வைத்த பிறகு படுத்துவிட வேண்டும்.

"அவ்வளவுதான், உங்க வேலை ஆயித்து," என்றார் மிஸ். "போன பூச்சி திரும்பி வராது. முட்டையில இருந்து வர்ற குட்டிங்கதான் திரும்பி வரும்."

பெஞ்சுக்கடியில் துப்பட்டா சுற்றிக் கூட்டுப்புழுவாகச் சுருண்டிருந்த இரண்டாவது கூட்டம் அதைக் கேட்டுக் கைதட்டியது.

தரை ஈரமாகிறது, யாராவது வழுக்கி விழப்போகிறார்கள் என்பதால் நான் கஞ்சத்தனமாகத்தான் மழை பெய்தேன். "இது பெங்களூர் தூறல், அண்ணா. ஜோரா அடிங்க," என்று மிஸ் சிரித்தார். அடித்தேன். பாதிப் பேர் சந்தோஷமாகச் செத்துப்போனார்கள். மிச்சமிருந்தவர்கள் கிழக்கே போய்க் கொட்டையை வைத்துவிட்டுப் படுத்தார்கள். ஒருத்தி மட்டும் வைக்கவில்லை. கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"மிஸ், இவ முட்டை போட மாட்டேங்கறா," என்று பக்கத்தில் செத்துக் கிடந்தவன் எழுந்து புகார் சொன்னான். வகுப்பே சிரித்தது.

"புட்டா, கண்ணு, வெச்சிடு மா. எல்லாரும் வெச்சாங்க இல்ல?"

அவள் தலையை ஆட்டினாள். கூச்சம் என்று நினைத்து மிஸ் விட்டுவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் என் ஆட்டோவில் வருகிற பிள்ளை. கடைசியாக இறங்குகிறவள். அப்பா பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர். அம்மா வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள், ஜோலார்பேட்டைக்கு. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் பிள்ளையை இங்கேயே விட்டுப் போயிருந்தாள். அப்பா வரும்வரை பக்கத்து வீட்டில் இருப்பாள்.

மற்றவர்களை இறக்கிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். கை இன்னும் மூடியே இருந்தது. கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்வாளோ என்று எனக்குப் பயம்.

"அதை மாமாகிட்ட குடுத்துடு கண்ணு."

"மாட்டேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு அவளே கேட்டாள். "ஆட்டோ மாமா, ஜோலார்பேட்டை கிழக்கா?"

"ஆமா. ரயிலு அந்தப் பக்கம்தான போவுது."

"ஏலகிரி மலை அங்கதானே இருக்கு?"

"அதுக்குக் கீழதான் உங்க பாட்டி ஊரே. ஏன்?"

"மிஸ் சொன்னாங்க, பட்டர்ஃப்ளை எல்லாம் ஏலகிரி பக்கம் போவும்னு." கையைத் திறந்து கொட்டையைப் பார்த்தாள். "அப்ப பாப்பா மட்டும்தான் வரும். அம்மா வராது."

பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த பைக்குக்காரன் கன்னடத்தில் என் குடும்பத்தை விசாரித்துவிட்டுப் போனான்.

வண்டியை ஒரு பேக்கரி ஓரமாக நிறுத்தினேன். "அம்மா வரும்," என்று சொன்னேன். சொன்ன குரல் எனக்கே சரியாக விழவில்லை. பிரசவம் என்ற சொல்லைக் கேட்டதும் என் தலை அதன் வேலையைத் தொடங்கிவிட்டது. ரத்தம், நேரத்துக்கு வராத ஆம்புலன்ஸ், டாக்டர் இல்லாத ராத்திரி. இதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு வாயால் மட்டும் வரும் என்றால், ஆறு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடுகிறது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கையை மூடிக்கொண்டாள்.

அவள் அப்பாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அம்மாவின் நம்பர் என்னிடம் இல்லை. வண்டியைத் திருப்பிப் பள்ளிக்கூடத்துக்கே போனேன்.

மிஸ் சார்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ, இந்தக் கோணத்துல நான் யோசிக்கவே இல்ல அண்ணா."

"நானும்தான் மிஸ் நின்னு தண்ணி அடிச்சிட்டிருந்தேன்."

மிஸ் தன் போனில் வீடியோ கால் போட்டார். அம்மா கட்டிலில் சாய்ந்து, வயிற்றின் மேல் தட்டை வைத்துக்கொண்டு மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மிஸ் முகத்தைப் பார்த்ததும் பதறி நிமிர்ந்தாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு மிஸ் போனைப் பிள்ளையிடம் கொடுத்தார்.

"நீ முட்டை போட்டுட்டு செத்துடுவியாமா?"

அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள்.

"எவடி சொன்னது? முட்டை போட நான் என்னா கோழியா?"

"பட்டர்ஃப்ளை. போட்டதும் படுத்துடும். மிஸ் சொன்னாங்க."

"அது பூச்சிடி. நான் பூச்சி மாதிரியா இருக்கேன்? இந்தக் கட்டிலே என்னைத் தாங்க மாட்டேங்குது. சரி, கோழின்னே வெச்சிக்கோ. கோழி முட்டை போட்டுட்டு என்னா பண்ணும்? எந்திரிச்சு ஊரையே கூப்புடும், அப்புறம் குப்பையைக் கிளறப் போயிடும். அங்க உங்கப்பன் கிளறி வெச்சிருக்கிற குப்பையை வேற யாரு வந்து கூட்டறது? நான்தான வரணும்?"

பிள்ளை சிரிக்கவில்லை. அவள் பிறந்து வளர்ந்தது தொம்மலூரில். கோழி என்றால் அவளுக்குக் கடையில் தொங்குவது. என் பக்கம் திரும்பினாள்.

"நிஜமா மாமா? கோழி எந்திரிச்சுப் போவுமா?"

இதை என்னால் தைரியமாகச் சொல்ல முடிந்தது. "போவும் கண்ணு. எங்க வீட்டுல நிறைய இருந்துது. ஒரு கோழிகூட முட்டை போட்டுட்டு படுத்து நான் பார்த்ததில்ல. நம்மளைத்தான் கொத்த வரும்."

என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போனுக்குள் பார்த்து, "எனக்கும் மாம்பழம் எடுத்துட்டு வா," என்றாள்.

மறுநாள் மிஸ் அதே விளையாட்டை மறுபடி வைத்தார். ஆயா வந்துவிட்டாலும் மழைக்கு என்னையே கூப்பிட்டார். பூச்சியைப் பற்றிச் சொன்னதை அவர் மாற்றவில்லை. அது நிஜம், மாற்றிச் சொல்லக் கூடாது என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். கூட ஒன்று மட்டும் சேர்த்தார். எல்லா அம்மாவும் பூச்சி இல்லை, நாயம்மா, பசுவம்மா, நம்ம அம்மா எல்லாம் குட்டி போட்ட பிறகும் கூடவே இருக்கும் என்றார். கோழி என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கோழியும் என்றார் மிஸ்.

அவள் இந்த முறை கொட்டையை வைத்தாள். படுத்தாள். உடனே எழுந்து, துப்பட்டாவை இழுத்துக்கொண்டு மேற்கே நடக்க ஆரம்பித்தாள்.

"மிஸ், கோழி வலசை போவாது," என்றான் செத்துக் கிடந்தவன்.

"நீ செத்துட்ட, பேசாத," என்றாள் அவள்.

அந்தக் குழந்தைக்கு அன்றோடு பயம் தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை. அவள் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் ஊரில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பேன். ஒருநாள் அவரே, "என்னை விட நீங்கதாண்ணா டென்ஷனா இருக்கீங்க," என்றார். அதற்குப் பிறகு கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். கணக்குப் போடுவதைக் குறைக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த ஒரு மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுத்தேன். குழந்தை பிறந்துவிட்டது என்றார். அம்மா எப்படி என்றேன். நன்றாக இருக்கிறாள் என்றார். நான் இன்னொரு தடவை கேட்டேன். "பேசிட்டுதாண்ணா உங்களுக்கு அடிக்கிறேன். பசிக்குதுன்னு சண்டை போடுறா," என்றார்.

பின் சீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். "பாப்பா பொறந்துடுச்சு. அம்மா நல்லா இருக்கு," என்றேன்.

"தெரியும்," என்றாள் அவள். "தம்பியா, தங்கச்சியா?"

அதை நான் கேட்க மறந்திருந்தேன்.