அப்பா என்னைக் கிட்டே விடாத மாதங்கள்

என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். நான் ஆறாவது படிக்கும்போது, பட்டாபிராமில் எங்கள் வாடகை வீட்டிலேயே இறந்துபோனார். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். நானும் நம்பினேன்.

கடைசி மாதங்களில் அவர் என்னைக் கிட்டேயே விடவில்லை. நான் கட்டில் பக்கம் போனால், "அங்கியே நில்லு கண்ணு" என்று கையை நீட்டித் தடுப்பார். தட்டு, டம்ளர் எல்லாம் அவருக்குத் தனி.

ஒன்பதாவதில் ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். பையன்களை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, எங்களிடம் எச்.ஐ.வி. பற்றிப் பேசினார். எப்படிப் பரவும், எப்படித் தடுக்கலாம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லச் சொல்ல, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு, நோயைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வந்தார். ஆறாத வாய்ப்புண், நிற்காத பேதி, எலும்பும் தோலுமாகிற உடம்பு.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் என் அப்பாவைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தொட்டா வராது. ஒரே தட்டுல சாப்பிட்டா வராது. கட்டிப் புடிச்சா வராது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்" என்று வகுப்பே கத்தியது.

சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து அடுப்பு பற்றவைத்ததும், அப்பாவுக்கு வந்தது எச்.ஐ.வி.யா என்று கேட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமா. அதான் அவருக்கு. உனுக்கு ஒட்டிக்கும்னு பயந்துகினே கெடந்தாரு."

"தொட்டா வராதாம்மா."

"தொட்டா வராதுன்னு எனுக்கே அவரு போன பொறவுதான் ஆஸ்பத்திரில சொன்னாங்க."

"உனக்கும் இருக்காம்மா?"

"கீது. மாத்திரை போட்டுகினு நல்லாத்தான் கீறேன். உனுக்கு டெஸ்ட் பாத்தாச்சு, உனுக்கு இல்ல."

சர்க்கரைக்கு என்று அவள் தினமும் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை அதுதான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"வெளிய தெரிஞ்சா உன் பக்கத்துல யார்னா உக்காருவாங்களா?"

மறுநாள் பள்ளியில் தோழிகள் நர்ஸைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா இன்றும் நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். சில நாள் கனவில் அப்பா வருவார். அவரைத் தொடலாம் என்று அப்போது எனக்குத் தெரிந்திருக்கும். சொல்ல வாயெடுப்பேன். அதற்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.