ஏழு நகல்கள்

தத்தெடுத்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தால், தத்து ஆணையைப் பார்த்து ஐந்து வேலை நாட்களுக்குள் பதிவாளர் கொடுத்துவிட வேண்டும். பெற்றோர் என்ற இடத்தில் தத்தெடுத்தவர்களின் பெயரே இருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். இதற்கு உரை எழுதப் புலவர்கள் தேவையில்லை.

போன வருடம் ஏப்ரல் மாதம், திருவொற்றியூரில் எங்கள் கீழ்வீட்டுப் பெண் இந்த விதியை நம்பி ஆறாவது தடவையாகப் பதிவு அலுவலக வரிசையில் நின்றார். வீட்டிலேயே துணி தைப்பவர். கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுக வாசலில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் மெஷினை மூடிவிட்டு இவர்தான் ஓட வேண்டும். கலெக்டர் கையெழுத்திட்ட தத்து ஆணை கையில் இருந்தது. ஆறு வயது மகளை ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் இடம் இல்லை என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது.

அன்று துணைக்கு நானும் போனேன். முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவன்.

“பெத்த அம்மா கையெய்த்து இல்லாம எப்டிமா பேர் போடுறது? நாளைக்கு அவ வந்து நின்னா நானா பதில் சொல்றது?” என்றார் எழுத்தர்.

“நான்தான் சார் அம்மா.”

“அது சரிம்மா. நான் நெஜ அம்மாவ கேட்டேன்.”

வரிசையே திரும்பிப் பார்த்தது. நான் முன்னால் வந்தேன். விதியை அதன் எண்ணோடு சேர்த்து ஒப்பித்தேன். அவர் கொட்டாவி விட்டபடி, “அப்போ எய்தி குடுங்க சார்” என்றார்.

என்னிடமா சொல்வது! அன்று மாலையே மூன்று பக்க மனு தயார். அதிகாரியின் மனம் இளக வேண்டுமே என்று, குழந்தை எங்கே, எந்த நிலையில் கிடைத்தது என்பது வரை எழுதினேன். அந்தப் பெண் என்னை நம்பிச் சொன்ன விஷயம் அது. இங்கே அதை எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதியதே போதும். கடைசியில் பழைய வழக்கப்படி ‘நகல்’ என்று போட்டு ஏழு அலுவலகங்களின் பெயரை வரிசையாக அடுக்கினேன். நகல் இல்லாத மனு பல் இல்லாத நாய் என்பது என் கொள்கை.

“இதெல்லாம் எய்தணுமா சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் கையெழுத்துப் போட்டார். எழுதினால்தான் வேலை நடக்கும் என்றேன்.

நடந்தது. இரண்டு வாரம் கழித்து, ஏழில் ஏதோ ஒன்றிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். மனுவில் கதவு எண் இருக்கிறது. நேராக வந்து தட்டலாம். அவரோ தெருமுனை இஸ்திரி வண்டியருகே மனுவை விரித்துப் பிடித்துக்கொண்டு, “இங்க தத்து எடுத்த கொழந்த ஒண்ணு இருக்காமே, எந்த வீடு?” என்று கேட்டிருக்கிறார்.

“இன்னா சார் சொல்றே? தத்தா? நம்ம தெருவுலயா?” என்றாராம் இஸ்திரிக்காரர். பிறகு தேய்த்த துணியோடு சேர்த்து அதையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தத்து ஆவணங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதும் விதிதான். அதுவும் எனக்கு மனப்பாடம்.

மறுநாள் விளையாடப் போன குழந்தை பாதியிலேயே திரும்பிவிட்டாள். ‘ஒங்கம்மா ஒன் நெஜ அம்மா இல்லியாமே’ என்று கூட விளையாடியவர்கள் கேட்டார்களாம். மாலையில் அவள் அம்மா மாடியேறி வந்தார். மனு என்ன ஆயிற்று என்று விசாரிக்க வருகிறார் என நினைத்து நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

“அவளுக்கு எல்லாம் தெரியும் சார். நாங்க என்னிக்கோ சொல்லிட்டோம். வெளிய யார்கிட்ட சொல்றது, எப்ப சொல்றதுன்னு அவதான் முடிவு பண்ணணும்னு வெச்சிருந்தோம். எங்க வூட்டுக்கு வர்றப்போ அவ தன்னுதுன்னு கொண்டாந்தது அந்தக் கத ஒண்ணுதான். அத்தப் போயி ஏயு ஆபீசுக்கு காப்பி போட்டுட்டீங்களே.”

“அந்த ஆள் செய்தது விதிப்படி...” என்று ஆரம்பித்தேன்.

“அந்த ஆளு கைல கீற பேப்பர யார் எய்துனது சார்?”

அடுத்த நாள் புதிய விண்ணப்பம் எழுதி, அவர் கையெழுத்து வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கு வரிதான்: ஆணையின் எண், தேதி, வேண்டியது என்ன, எந்த விதிப்படி. இணைப்பு, ஆணையின் நகல் மட்டும். முத்திரையோடு ஒப்புகை வாங்கினேன். குழந்தையின் பூர்வீகம் பற்றி எழுத்தர் பேச்செடுத்தபோது, ஆணையில் இல்லாதது உங்களுக்குத் தேவையில்லை என்றேன். ஒன்பதாவது வேலை நாளில் சான்றிதழ் வந்தது. பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாளே இந்த நான்கு வரி போதுமாக இருந்திருக்கும். தத்தெடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து குழந்தையின் கதையை எந்த விண்ணப்பத்தோடும் இணைக்காதீர்கள். என்னைப் போன்ற கெட்டிக்காரர் உதவிக்கு வந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள்.

அவள் இப்போது தெருவில் விளையாடுவதில்லை. மொட்டைமாடியில் தனியாகக் கயிறு தாண்டுகிறாள். என் தலைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், இத்தனை வருடத்தில் யார் யாருடைய வாழ்க்கையை எங்கெங்கே நகல் அனுப்பினேனோ என்று நினைத்துக்கொள்கிறேன்.

குழந்தையைப் பற்றிய பக்கங்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று ஏழு அலுவலகங்களுக்கும் தனித்தனியாக எழுதினேன். மூன்று நினைவூட்டல்கள். ஆறு அலுவலகங்கள் வாயே திறக்கவில்லை. ஏழாவது மட்டும் பதில் போட்டது: ‘தங்கள் கோரிக்கை, முந்தைய மனுவின் நகலுடன், தக்க நடவடிக்கைக்காகக் கீழ்க்காணும் மூன்று அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டுள்ளது.’ கடிதம் என் கைக்கு வந்த தேதி, இந்த வருடம் மார்ச் 19.