நேர்க் கை

சுவிட்சர்லாந்தின் ஆரா நகரில் அடுத்த ரயில் வரும்வரை பக்கத்து மைதானத்தில் பேஸ்பால் பார்க்கிறேன். பெஞ்சில் என்னருகே ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை, மடியில் பிளாஸ்க்.

"சீசன் தொடங்கினதிலை இருந்து தோல்விதான்," என்கிறார். "ஆனால் பந்து எறியிறாளே, என்ரை மகள், அவளைப் பாருங்கோ. தேசிய அணிக்குப் போற கை அது."

அந்தக் கை முழங்கை மடங்காமல் வட்டமடித்து வருகிறது. பந்து மெல்லப் போகிறது. எதிரணி அதை வேலிக்கு வெளியே அடிக்கிறது.

"ட்ரெயினர் மடக்கி எறியச் சொல்லுறான். மடக்கினால் நோபோல் எல்லோ? பனிக்காலம் முழுக்க நான்தான் வீட்டிலை வைச்சு நேராக்கினனான்."

"அது கிரிக்கெட்லதானே சார்? இதுல மடக்கலாமே," என்கிறேன்.

"நீங்கள் இந்தியாவோ?"

"ஆமா, சென்னை."

"அதுதான். உங்கடை ஆக்கள் மடக்கேக்கை அம்பயர்மார் வானத்தைப் பாப்பினம்."

எனக்குத் தேநீர் ஊற்ற அவர் குனிகிறார். மகள் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிட்டு, முழங்கையை மடக்கி ஓர் எறி எறிகிறாள். மட்டை காற்றில் சுழல, பந்து பின்னால் இருப்பவரின் கையுறைக்குள் பட்டென்று போய் அடங்குகிறது.

சத்தம் கேட்டு அண்ணை நிமிர்கிறார். "பாத்தீங்களோ, நேர்க் கை."

மகள் என்னையே பார்க்கிறாள். நாக்கு வேக ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டுகிறேன்.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் ஊத்துறீங்களா?"